கியர் மாற்றும் நேரம்

ஒரு குடும்பத்திற்கு மோட்டார் கார் வந்து சேருமானால், அதன் பின்னாலேயே அறிவுரைகளும் வரிசையாக வந்து சேரும். நம் இல்லத்திலும் அவ்வாறே நேர்ந்தது. பிறர் ஓட்டிய டீசல் கார் ஒன்றை விலைக்கு வாங்கிச் சேலத்து வீட்டு வாசலில் நாம் நிறுத்திய அன்று மாலையே, நம் தமையனார் அதை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, எவ்வளவு சீக்கிரம் டாப் கியருக்குப் போகிறாயோ, அவ்வளவுக்கு டீசல் மிச்சம். அதை மட்டும் மறந்துவிடாதே" என்றார். இருபது ஆண்டுகளாகப் பெட்ரோல் கார் ஓட்டிவரும் அடுத்த வீட்டு ஆசிரியரோ, "எஞ்சின் நன்றாக உறுமிய பின்புதான் கியரை மாற்ற வேண்டும், அவசரம் கூடாது" என்றார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் நம் மகனுக்குக் கற்பித்தது மூன்றாவது வகை. 20 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவது, 30-இல் மூன்றாவது, 40-இல் நான்காவது என்று பெருக்கல் வாய்ப்பாட்டைப் போல் ஒப்பிக்கச் செய்திருந்தார்கள்.

"அப்பா, இம்மூவரில் யார் சொல்லைக் கேட்பது?" என்று அவன் நம்மிடம் கேட்டான். சிறிய கேள்விதான். ஆனால் உரிமம் பெற்றுச் சில மாதங்களே ஆன அவ்விளைஞன் ஓட்டும் வண்டியின் பின்னிருக்கையில் அமரப் போகிறவர்கள் அவனுடைய பாட்டியும், தாயும், தங்கையும் ஆவர். ஆகையால், "போகப் போகத் தெரிந்துவிடும்" என்று சொல்லித் தட்டிக்கழிக்க நமக்கு மனம் வரவில்லை. டீசல் வண்டிகளிலேயே காலம் கழித்த மெக்கானிக் ஒருவரைக் கேட்டும், வண்டியோடு வந்த கையேட்டைப் படித்தும், பல மாதம் ஓட்டிப் பார்த்தும் நாம் அறிந்துகொண்டதை வாசக அன்பர்களுக்கும் கூறுகிறோம்.

முதலில் டீசல் எஞ்சினின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை மின்பொறி ஒன்று கொளுத்துகிறது. டீசல் எஞ்சினில் அத்தகைய பொறி இல்லை. வெறும் காற்றை உள்ளே இழுத்து, அதைப் பதினைந்தில் ஒரு பங்கு, அதற்கும் சிறிய அளவு என்று நசுக்கும்போது, அக்காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அந்த வேளை பார்த்து டீசல் உள்ளே பீய்ச்சப்படுகிறது. அது தானே தீப்பற்றிக்கொள்கிறது. ரூடால்ப் டீசல் என்னும் பொறியாளர் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இவ்வகை எஞ்சினை வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். ஆலைகளுக்கும் கப்பல்களுக்கும் லாரிகளுக்கும் உழைத்த அந்த எஞ்சின், 1936-இல் மெர்சிடஸ் பென்ஸ் நிறுவனத்தின் 260 டி என்னும் வண்டியின் மூலம் கார்களிலும் இடம் பிடித்தது.

இத்தனை அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால், டீசல் எஞ்சினின் உறுப்புகள் கனமாக அமைக்கப்படுகின்றன. கனமானது மிக விரைந்து சுழலாது. ஆனால் மெல்லச் சுழலும்போதே பலமாக இழுக்கும். நம் வண்டியிலுள்ள 1248 சி.சி. எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். 2007 முதல் மாருதி ஸ்விஃப்ட் கார்களில் வந்த இவ்வெஞ்சின், நிமிடத்திற்கு 2000 சுற்றிலேயே தன் முழு முறுக்கு விசையான 190 நியூட்டன் மீட்டரைத் தந்துவிடுகிறது. அதே பெயரில் அக்காலத்தில் வந்த பெட்ரோல் காரோ, தன் உச்சமான 113 நியூட்டன் மீட்டரைத் தருவதற்கு 4500 சுற்று வரை ஏற வேண்டும். 2020 ஏப்ரலில் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, மாருதி நிறுவனம் டீசல் கார் செய்வதை நிறுத்திவிட்டது. எனினும் முன்பு விற்ற வண்டிகள் எத்தனையோ குடும்பங்களில் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இவ்விரு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே அடுத்த வீட்டு ஆசிரியரின் அறிவுரை விளங்கிவிடும். அது அவருடைய வண்டிக்குப் பொருந்தும். நம் வண்டிக்குப் பொருந்தாது. டீசல் எஞ்சினை 3500, 4000 என்று உறும விட்டுப் பின்பு கியர் மாற்றுவதால் இரைச்சலும் செலவும் மிகுமேயன்றி, வேகம் அதற்கேற்பக் கூடுவதில்லை. சமவெளிச் சாலையில், சுமை மிகாத டீசல் காரில், ஆர்.பி.எம். மீட்டரின் முள் 2000-க்கும் 2500-க்கும் நடுவே நிற்கும்போது அடுத்த கியருக்கு மாற்றுவது நலம். முதல் கியர் வண்டியை நகர்த்துவதற்கு மட்டுமே. நகர்ந்து ஓரிரு வண்டி நீளம் சென்றதுமே இரண்டாவதற்கு மாற்றிவிடலாம்.

இனி, நம் தமையனாரின் அறிவுரைக்கு வருவோம். மேல் கியரில் எஞ்சின் குறைவாகச் சுழலும், ஆகவே டீசலும் குறைவாகச் செலவாகும் என்பதில் பிழையில்லை. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. இக்காலத்து டீசல் கார்களில் டர்போ என்னும் சிறு காற்றாடி இருக்கிறது. வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அதிகமாகத் திணிப்பது அதன் வேலை. எஞ்சின் 1200, 1300 என்று மெல்லச் சுழலும்போது அதற்குப் போதிய புகை கிடைப்பதில்லை; ஆகவே போதிய காற்றையும் தருவதில்லை. அந்நிலையில் மேல் கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், டீசல் மட்டும் செல்கிறது. அதை முழுதும் எரிக்கக் காற்றில்லை. சைலென்சரில் கரும்புகை வருகிறது. வண்டி உதறுகிறது. அந்த உதறல் கிராங்க் தண்டையும், அதைத் தாங்கும் பேரிங்குகளையும், கிளட்சையும், கியர் பெட்டியையும் ஒருசேர உலுக்குகிறது. டீசலில் மிச்சம் பிடித்த நூறு ரூபாய், ஒர்க்‌ஷாப் செலவில் ஆயிரங்களாகப் போய்விடும்.

புதிய வண்டிகளில் மற்றொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2020-க்குப் பிறகு வந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. புகை போதிய சூட்டோடு வந்தால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து தூய்மையாகும். எந்நேரமும் கடைத்தெருவுக்குள்ளேயே, மிகக் குறைந்த சுற்றில் ஓட்டிவந்தால், அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் சற்று நேரம், 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓட்டுவது அவ்வண்டிகளுக்கு மருந்து போன்றது.

ஆகவே கீழெல்லை ஒன்றையும் மனத்தில் இருத்த வேண்டும். வண்டி இழுக்க வேண்டிய வேளையில், எஞ்சின் 1500 சுற்றுக்குக் கீழே இறங்க விடலாகாது. இறங்கப் போகிறதென்று தெரிந்தால் ஒரு கியர் குறைத்துக்கொள்ள வேண்டும். கியர் குறைப்பது தோல்வி என்று பல இளைஞர்கள் எண்ணுகிறார்கள். மூட்டை சுமப்பவர் படிக்கட்டில் ஏறும்போது எட்டி எட்டியா அடி வைக்கிறார்? சிறு சிறு அடியாக வைத்து ஏறுகிறார். கீழ் கியர் என்பது அந்தச் சிற்றடியே.

பயிற்சிப் பள்ளியின் வாய்ப்பாடு எங்கே தவறுகிறது என்பதும் இப்போது விளங்கும். அது வேகத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறது, சுமையை எடுப்பதில்லை. தனியாளாகச் சமவெளியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது நான்காவது கியரில் வண்டி அமைதியாகவே போகும். அதே வண்டியில் ஐவர் அமர்ந்து, பின்னால் அரிசி மூட்டையும் பயணப் பெட்டிகளும் அடைத்து, மேம்பாலம் ஒன்றில் ஏறும்போது, அதே 40 கிலோமீட்டருக்கு மூன்றாவது கியர் தேவைப்படும். வேகம் மாறவில்லை, எஞ்சின் சுமக்கும் பாரம் மாறிவிட்டது. புதிய வண்டிகள் சிலவற்றில் கியர் மாற்றச் சொல்லி அம்புக்குறி ஒன்று ஒளிரும். கற்பவர்க்கு அது உதவிதான். ஆனால் முன்னே வரும் மேட்டை அது அறியாது. ஓட்டுபவரின் கண்ணே அறியும்.

இக்கணக்கு உயிர்க்கணக்காக மாறும் இடம் ஒன்று உண்டு. இருவழிச் சாலையில் லாரியை முந்தும் இடமே அது. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியரில் லாரியின் பின்னே சென்றுகொண்டிருக்கிறோம். எதிரே சாலை காலியாகத் தெரிந்ததும் அப்படியே வலப்புறம் ஏறி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், டர்போ விழித்துக்கொள்வதற்கே சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளில் வண்டி லாரிக்குப் பக்கத்திலேயே நிற்பது போல் இருக்கும்; எதிரே பேருந்து முளைத்துவிடும். ஆகையால் லாரியின் பின்னே இருக்கும்போதே மூன்றாவதற்கோ நான்காவதற்கோ குறைத்து, எஞ்சின் 2000-க்கு மேல் வந்த பின்பே வெளியே வர வேண்டும். முந்தும் பாதியில் கியர் மாற்ற நேரிடக் கூடாது. இதை நம் மகனுக்குப் பலமுறை சொன்னோம், இனியும் சொல்வோம்.

இதற்கு நேர்மாறான சாலையும் உண்டு. ஆகஸ்ட் 29-இல் கொடியேறி, செப்டம்பர் 8 வரை நடைபெறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் செல்வோர், வழிநெடுகக் காவியுடை அணிந்த நடைப்பயணிகளைக் காண்பார்கள். விடியற்காலை இருளில் சாலையோரமாகச் செல்லும் அக்கூட்டத்தைக் கடக்கும்போது மேல் கியருக்கு ஆசைப்படலாகாது. இரண்டாவதிலோ மூன்றாவதிலோ ஓட்டினால், காலை எடுத்த மாத்திரத்தில் வண்டி தானே தணியும். வேண்டிய கணத்தில் நிற்கும். கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஊர்ந்து செல்வது மட்டும் கூடாது. கிளட்ச் தகடு தேய்ந்து தீய்வது அப்பழக்கத்தினால்தான்.

கற்றதையெல்லாம் ஒருங்கே சோதித்துப் பார்க்க மலைப்பாதையை விடச் சிறந்த இடமில்லை. நம் தங்கையின் குடும்பம் ஏற்காட்டில் வாழ்கிறது. அவளுடைய மகளின் நிச்சயதார்த்தத்திற்கு நம் அன்னையாரை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. தமையனாரும் உடன் வந்தார். மகன் ஓட்ட, நாம் அவன் பக்கத்தில் அமர்ந்தோம். 300 மீட்டருக்கும் தாழ்ந்த சேலத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிற்கு, எண்ணிட்ட 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும்.

ஏற்றத்தில் விதி எளியது. முள் 1800-க்குக் கீழே விழுமுன் கியரைக் குறைக்க வேண்டும். மேல் கியருக்கு மாற்றுவதென்றால் 3000 வரை பொறுக்கலாம். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்த பின் கியரைத் தேடக் கூடாது. நுழையுமுன்பே இரண்டாவதில் இருக்க வேண்டும். நான்காம் வளைவு தாண்டியதும் முன்னே ஒரு லாரி ஊர்ந்தது. மகன் மூன்றாவது கியரிலேயே அதைப் பின்தொடர்ந்தான். பின்னிருக்கையிலிருந்து, "வண்டிக்கு மூச்சு வாங்குது போலிருக்கே, ராசா" என்றார் நம் அன்னையார். மீட்டரைப் பார்த்தோம், முள் 1300-இல் இருந்தது. எண்பது வயதைக் கடந்த, ஒருநாளும் ஸ்டியரிங்கைத் தொட்டறியாத அந்த மூதாட்டியின் காதுக்கு எட்டிய செய்தி அவனுடைய கண்ணுக்கு எட்டவில்லை. மகன் சிரித்துக்கொண்டே இரண்டாவதற்கு மாற்றினான். வண்டி மறுபடியும் சீராக இழுத்தது. அதன் பின் அவன் மீட்டரைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, செவிசாய்த்து ஓட்டியதை நாம் கவனித்தோம்.

மறுநாள் இறங்கும் வேளை வந்தது. தமையனார் சாவியைக் கேட்டார். முப்பது ஆண்டு அம்பாசடர் ஓட்டிய கை அவருடையது. மலையிறக்கத்தில் நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் தொட்டுத் தொட்டு இறங்குவது அவர் வழக்கம். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. வீட்டில் மூத்தவர், நமக்கு ஓட்டக் கற்றுத் தந்தவர். அவரிடம் மறுத்துப் பேசுவது எளிதாக இல்லை. எனினும் பின்னிருக்கையில் அன்னையார் அமர்ந்திருந்தார்.

"அண்ணா, இன்று பையனே ஓட்டட்டும். நீங்கள் முன்னால் அமர்ந்து பாருங்கள். ஆனால் நியூட்ரல் வேண்டாம்" என்றோம்.

"ஏன் தம்பி? நான் ஓட்டின காலத்தில் ஒன்றும் ஆகவில்லையே" என்றார் அவர்.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் கியரில் இறங்கினாலும் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். நியூட்ரலில் விட்டால் சிறிது மிச்சமாகும். இன்றைய டீசல் எஞ்சின் அப்படியன்று. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், டீசல் பீய்ச்சுவதே நின்றுவிடுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க டீசல் செலவாகும். ஆக, மிச்சம் என்பது கியரில் இறங்குவதில்தான் இருக்கிறது.

செலவை விடப் பெரியது பிரேக்கின் நிலை. ஐவரைச் சுமந்த வண்டியை 1200 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக் ஒன்றையே நம்பி இறக்கினால், அத்தனை வேகமும் சூடாக மாறிப் பிரேக்கில் சேரும். கட்டைகள் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதி ஆழமாக இறங்கிவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் கொடியது. பிரேக் மிதியை மெதுவாக்கித் தரும் வெற்றிட அமைப்புக்கு, டீசல் வண்டியில் எஞ்சினால் இயங்கும் பம்பு ஒன்றே துணை. எஞ்சின் நின்றால், சிலமுறை மிதித்த பின் அத்துணை தீர்ந்துவிடும். பிறகு மிதி கல்லாகிவிடும். மாட்டுவண்டிக்காரர் இறக்கத்தில் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிக்கிறாரேயன்றிக் காளைகளை அவிழ்த்துவிடுவதில்லை. இவற்றைச் சொன்னபோது தமையனார் மறுமொழி கூறாமல் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். நாம் பின்னால் அமர்ந்தோம்.

எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதையின் பழைய விதி. இறக்கம் தொடங்குமுன்பே அந்தக் கியரைப் போட்டுவிட வேண்டும். நடு இறக்கத்தில் கிளட்சை மிதித்தால் அந்தக் கணம் வண்டி கட்டவிழ்ந்து பாயும். கியர் குறைக்க வேண்டியிருந்தால் முதலில் பிரேக்கினால் வேகத்தைத் தணித்து, பின்பு குறைத்து, கிளட்சை மெல்ல விட வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தியிராமல், வேண்டியபோது உறுதியாக மிதித்து விட்டுவிட வேண்டும். குறுகலான இடத்தில் ஏறிவரும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலும் 2017-இல் வந்த விதிகளிலும் உள்ள கட்டளை. மகன் இரண்டாவதிலும் மூன்றாவதிலுமாக, இவ்விதிகளின்படியே இறக்கினான்.

அடிவாரத்தில் தேநீர்க் கடையோரம் வண்டியை நிறுத்தினோம். அருகே நின்ற வேறொரு காரிலிருந்து பிரேக் தீய்ந்த நாற்றம் வந்துகொண்டிருந்தது. தமையனார் இறங்கி, நம் வண்டியின் முன்சக்கரத்தருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சற்று நேரம் வைத்திருந்தார். "சூடு தாங்குகிற அளவுதான் இருக்கிறது" என்றார். பின்பு மகனின் தோளில் தட்டி, அவனுக்குத் தம் செலவில் தேநீர் வாங்கித் தந்தார். அடுத்த மாதம் அவருடைய மருமகன் குடும்பத்தோடு ஏற்காட்டிற்குப் புறப்பட்டபோது, "நியூட்ரல் கூடாது, மாப்பிள்ளை" என்று வாசலில் நின்று சொன்னவரும் அவரே.

வீட்டில் பிள்ளைகள் ஓட்டக் கற்கும் பருவம் வந்துவிட்ட பெற்றோருக்கு ஒன்று கூறுவோம். எண்களைச் சொல்லித் தருவது நல்லதே: சமவெளியில் 2000 முதல் 2500; இழுக்கும்போது 1500-க்குக் குறையாமல்; ஏற்றத்தில் 1800-க்குக் குறையாமல். வண்டிக்கு வண்டி இவை சிறிது வேறுபடும் என்பதால் கையேட்டையும் படிக்கச் சொல்லுங்கள். ஆனால் எண்ணோடு நின்றுவிடாமல், எஞ்சின் திணறத் தொடங்குமுன்பே அதைக் கண்டுகொள்ளும் செவியையும் பழக்குங்கள். அதற்குச் சில நாள் நீங்கள் பக்கத்தில் அமர வேண்டியிருக்கும். சாவியை முழுவதுமாகக் கொடுத்துவிடுமுன், ஒருமுறையேனும் சுமையோடு மலை ஏறி இறங்கச் செய்யுங்கள். அப்பயணத்தின்போது பாட்டுப் பெட்டியை அணைத்து வையுங்கள்.